சுவரா, மணலா? நிர்வாணக் கடற்கரைக்கும் நிர்வாண ரிசார்ட்டுக்கும் பின்னால் இருக்கும் 130 வருட வரலாறு

1/ கொஞ்சம் நீளமான இழை. தலைப்பைப் பார்த்துட்டு ஓடிடாதீங்க, கிளுகிளுப்பு எதிர்பார்த்தும் வராதீங்க. ஜெர்மனி, பிரான்ஸ், குரோஷியா பக்கம் படிக்கவும் வேலைக்கும் போன நம்ம பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "டாக்டர், இங்க ஏரிக்கரையில குடும்பம் குடும்பமா துணியில்லாம படுத்திருக்காங்க. இதுக்குன்னே தனி ரிசார்ட்டும் இருக்காம். இது ரெண்டும் ஒண்ணா? எது ஒழுங்கான இடம்?"

2/ ஒண்ணு இல்லை. ஒன்று எல்லோருக்கும் சொந்தமான பொது மணல். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது, வாசல் கிடையாது. இன்னொன்று சுவர் போட்ட தனியார் நிலம். பணம் கட்டணும், பெயர் பதியணும், விதிகளுக்குக் கையெழுத்து போடணும். இந்தப் பிரிவு ஏன் வந்தது என்று தேடினால் தொழிற்சாலைப் புகை, காசநோய், ஹிட்லர், பெர்லின் சுவர் எல்லாம் வழியில் வரும். எங்க தொழிலும் வரும். இதைத் தூக்கி நிறுத்தியவர்களில் நிறைய பேர் மருத்துவர்கள்.

3/ ஆனால் கதையின் ஆரம்பப் பக்கம் ஒன்று நம்ம நாட்டில் இருக்கு. 1891, பம்பாய்க்குப் பக்கத்தில் தானே. சார்லஸ் கிராஃபோர்ட் என்ற ஆங்கிலேய நீதிபதி 'ஃபெல்லோஷிப் ஆஃப் தி நேக்கட் டிரஸ்ட்' என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார். உறுப்பினர்கள் மொத்தம் 3 பேர். எட்வர்ட் கார்ப்பென்டர் என்ற ஆங்கில எழுத்தாளருக்கு அவர் எழுதிய கடிதங்களால்தான் இது வெளியே தெரிந்தது. சங்கம் சீக்கிரமே கலைந்துவிட்டது. உலகில் பதிவான முதல் நிர்வாண சங்கங்களில் ஒன்றாக இதை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். கவனிங்க, அதுவே பூட்டிய கதவுக்குள் நடந்த விஷயம்தான். நாலு பேருக்குத் தெரிந்தால் நீதிபதி வேலை என்ன ஆகும்?

4/ இப்போ ஐரோப்பாவுக்குப் போவோம். 19ஆம் நூற்றாண்டு. தொழிற்சாலை நகரங்கள், நிலக்கரிப் புகை, வெயிலே எட்டிப் பார்க்காத சந்து வீடுகள். குழந்தைகளுக்குக் கால் வளைந்தது. அதுதான் ரிக்கெட்ஸ். பெரியவர்களுக்குக் காசநோய். அதற்கு அப்போது மருந்து இல்லை. அர்னோல்ட் ரிக்லி என்ற சுவிஸ்காரர், மருத்துவம் படிக்காதவர், இன்றைய ஸ்லோவேனியாவின் பிளெட் ஏரிக்கரையில் 1850களிலேயே காற்றுக் குளியல், வெயில் குளியல் என்று சிகிச்சை நிலையம் நடத்தினார். பெரிய மனிதர்கள் தேடி வந்தார்கள்.

5/ பின்னாலேயே அறிவியலும் வந்தது. தோல் காசநோய்க்கு ஒளி சிகிச்சை கண்டுபிடித்ததற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903ல் மருத்துவ நோபல். அதே வருஷம் சுவிட்சர்லாந்தின் லெசான் மலையூரில் டாக்டர் அகுஸ்த் ரோலியே எலும்புக் காசநோய் வந்த குழந்தைகளைக் கோவணம் மட்டும் கட்டி வெயிலில் படுக்க வைத்தார். 1919ல் பெர்லினில் டாக்டர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளைப் புற ஊதா விளக்கால் குணப்படுத்திக் காட்டினார். வைட்டமின் டி பற்றிய புரிதல் அப்புறம்தான் முழுசா வந்தது.

6/ ஆக, "துணியைக் குறை, வெயில் படட்டும்" என்பது அந்தக் காலத்தில் உண்மையிலேயே டாக்டர் சீட்டு. பிரச்சினை, சீட்டை வாங்கிக்கிட்டு எங்கே போவது? தெருவில் கழற்றினால் போலீஸ் பிடிக்கும். முதல் பதில் வேலி. 1903ல் பால் ஸிம்மர்மன் என்பவர் வட ஜெர்மனியில் லூபெக் நகருக்குப் பக்கம் கிளிங்பெர்க்கில் 'ஃப்ரைலிக்ட்பார்க்' திறந்தார். திறந்தவெளி ஒளிப் பூங்கா என்று அர்த்தம். காலையில் உடற்பயிற்சி, எளிமையான வாழ்க்கை. இன்றைய ரிசார்ட்டுகளுக்கு இதுதான் தாத்தா.

7/ இரண்டாவது பதில் மணல். முதல் உலகப்போர் முடிந்ததும், 1919ல் டாக்டர் க்னுட் ஆல்போர்ன் வடகடலில் உள்ள ஸில்ட் தீவின் கிளாப்ஹோல்ட்டால் என்ற இடத்தில், ராணுவம் விட்டுப்போன கொட்டகைகளில் இளைஞர் முகாம் அமைத்தார். பக்கத்துக் கடற்கரையில் துணியில்லாக் குளியல் பழக்கமானது. வேலி இல்லை. மணல்மேடும் தூரமும்தான் மறைப்பு. பின்னாளில் ஸில்ட் இதற்காகவே பெயர் வாங்கியது. பாருங்க, 20 வருஷத்துக்குள் இரண்டு மாடலும் தயார்.

8/ 1920களில் இந்த இயக்கத்துக்கு ஒரு பெயர் நின்றது. எஃப்.கே.கே., அதாவது ஃப்ரைகோர்ப்பர்கல்ட்டூர். 'கட்டற்ற உடல் பண்பாடு' என்று சொல்லலாம். பெர்லினில் அடோல்ஃப் கோஹ் என்ற ஆசிரியர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நிர்வாண உடற்பயிற்சிப் பள்ளிகள் நடத்தினார். நல்ல காற்றும் வெயிலும் காசு உள்ளவனுக்கு மட்டும்தானா என்பது அவர் கேள்வி. இந்தக் கேள்வியை ஞாபகம் வைச்சுக்கோங்க. கடைசியில் திரும்ப வேண்டியிருக்கும்.

9/ 1933 மார்ச் 3. நாஜிகள் ஆட்சிக்கு வந்து 5 வாரம்தான். பிரஷ்யாவில் கோரிங் இதற்குத் தடை போட்டார். இடதுசாரிச் சங்கங்கள் கலைக்கப்பட்டன. நாஜிக் கொள்கைக்குத் தலையாட்டிய குழுக்கள் பெயரை மாற்றிக்கொண்டு பிழைத்தன. 1942ல் வந்த குளியல் விதி, அடுத்தவர் கண்ணில் படாத இடமாக இருந்தால் அனுமதி என்றது. அதாவது சர்வாதிகாரிக்கும் நிர்வாணம் பெரிய பிரச்சினையில்லை. தன் கட்டுப்பாட்டில் இல்லாத கூட்டம்தான் பிரச்சினை.

10/ போருக்குப் பின் ஜெர்மனி இரண்டானது. இங்கேதான் நம்ம கேள்விக்கு ஒரு அருமையான ஒப்பீடு கிடைக்குது. ஒரே மக்கள், ஒரே மொழி, ஒரே பழக்கம். மேற்கில் சங்கங்களுக்குச் சுதந்திரம் இருந்தது. 1949ல் காஸலில் எஃப்.கே.கே. சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு உருவானது. சங்கம் நிலம் வாங்கும், வேலி போடும், குளமும் வாலிபால் மைதானமும் கட்டும், சந்தா வாங்கும். மேற்கிலும் ஸில்ட் மாதிரி திறந்த கடற்கரைகள் இருந்தன. ஆனால் இயக்கத்தின் முதுகெலும்பு வேலி போட்ட சங்கம்தான்.

11/ கிழக்கில் தலைகீழ். கம்யூனிஸ்ட் அரசு தனிச் சங்கங்களை அனுமதிக்கவில்லை. நிலம் வாங்கி வேலி போடும் வழியே அடைபட்டது. ஆக மிச்சம் இருந்தது பால்டிக் கடற்கரை மட்டும். எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூடும் ஆரன்ஷோப் கிராமத்தில் பழைய பழக்கம் தொடர்ந்தது. 1954ல் அரசு அங்கே தடை போட்டது. ஜனங்கள் விடவில்லை. மனு மேல மனு, கடிதம் மேல கடிதம். 1956ல் அரசே இறங்கி வந்து, அறிவிப்புப் பலகை வைத்துக் குறித்த இடங்களில் துணியில்லாமல் குளிக்கலாம் என்று ஆணை போட்டது.

12/ யோசிச்சுப் பாருங்க. பேச்சுரிமை இல்லாத, பாஸ்போர்ட் கிடைக்காத நாட்டில், சாதாரண ஜனங்கள் அரசிடம் மல்லுக்கட்டி வாங்கிய சலுகைகளில் ஒன்று இது. அடுத்த 30 வருஷத்தில் அது குடும்பப் பழக்கமாகவே ஆகிவிட்டது. தொழிற்சாலைத் தொழிலாளி, பள்ளி ஆசிரியை, கட்சி அதிகாரி எல்லோரும் ஒரே மணலில். சீருடை இல்லாவிட்டால் யார் அதிகாரி, யார் கடைநிலை ஊழியர் என்று எப்படித் தெரியும்? சந்தா இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை. கூடாரம் அடிக்க இடம் கிடைத்தால் போதும்.

13/ 1990ல் ஜெர்மனி இணைந்தது. மேற்கிலிருந்து சுற்றுலாப் பயணிகள் பால்டிக் கரைக்கு வந்தார்கள். நீச்சலுடையோடு வந்து குடை விரித்தவர்கள், பக்கத்துக் குடும்பத்தைப் பார்த்து முகம் சுளித்தார்கள். புகார் போனது. வருமானத்தை நினைத்த ஊராட்சிகள் எஃப்.கே.கே. பகுதிகளை ஓரத்துக்குத் தள்ளின. பத்திரிகைகள் இதற்கு வைத்த பெயர் தமிழில் சொன்னால் 'ஜட்டிப் போர்'. சிரிப்பு வரும். ஆனால் கிழக்கு ஜெர்மானியர் பலருக்கு அது சிரிப்பாக இல்லை. வேலை போச்சு, தொழிற்சாலை மூடியாச்சு, இப்போ நாங்க குளிக்கிற விதமும் தப்பா என்ற வலி அதில் இருந்தது.

14/ மேற்கில் இருந்த சங்கங்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. நிலம் அவர்கள் பெயரில், வேலி அவர்கள் செலவில். யார் புகார் கொடுத்து என்ன ஆகும்? இதுதான் முதல் பாடம். பொது மணல் எல்லோருக்கும் திறந்திருக்கும், ஆனால் அதை எல்லோரும் சேர்ந்து பறிக்கவும் முடியும்.

15/ இதற்கு இன்னும் பளிச்சென்ற உதாரணம் அமெரிக்கா. கலிஃபோர்னியாவின் சான் டியகோ நகரம் 1974ல் பிளாக்ஸ் பீச்சின் ஒரு பகுதியைத் துணி கட்டாயமில்லாத இடமாக அறிவித்தது. 3 வருஷம்தான். 1977ல் நகர மக்கள் ஓட்டுப் போட்டு அந்த அனுமதியை நீக்கினார்கள். ஃப்ளோரிடாவின் ஹாலோவர் பீச் 1991ல் ஆரம்பித்து இன்றும் ஓடுது. அங்கே உயிர்காப்பாளர் உண்டு, பலகை உண்டு, வண்டி நிறுத்தக் கட்டணம் கட்டி யாரும் போகலாம். ஒரே நாடு, ஒரே மாதிரி மணல். அனுமதி கொடுக்கும் நிர்வாகமும் அதைத் தாங்கிப் பிடிக்கும் ஜனங்களும் வேறு.

16/ அப்போ சுவர்தான் நல்லதா? அவசரப்படாதீங்க. அமெரிக்காவில் 1929ல் குர்ட் பார்தெல் என்ற ஜெர்மன் குடியேறி முதல் அமைப்பைத் தொடங்கினார். 1932ல் நியூ ஜெர்சியில் 'ஸ்கை ஃபார்ம்' வந்தது. அங்கேயிருந்து பல கிளப்கள் முளைத்தன. "உடை போனால் ஏற்றத்தாழ்வும் போகும்" என்பது இயக்கத்தின் பெருமைப் பேச்சு. ஆனால் பல கிளப்களின் வாசலில் கறுப்பினத்தவர் பல பத்தாண்டுகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தனியாக வரும் ஆண்களுக்கும் பல இடங்களில் அனுமதி இல்லை. துணியைக் கழற்றலாம், தோல் நிறத்தைக் கழற்ற முடியுமா? இது இரண்டாவது பாடம். வாசல் என்று ஒன்று இருந்தால் வாசல்காப்பவன் இருப்பான். அவன் மனசில் இருக்கும் அழுக்கும் வாசலில் நிற்கும்.

17/ சுவர் சட்டத்திடமிருந்தும் முழுசாக் காப்பாற்றாது. 1935ல் நியூயார்க் மாநிலம் கூட்டு நிர்வாணத்துக்கு எதிராகச் சட்டம் போட்டது. மிச்சிகனில் ஒரு தனியார் முகாமுக்குள் போலீஸ் நுழைந்து வழக்குப் போட்டது. 1958ல் மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஜான் வோல்கர். 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' நாவலை ராபர்ட் டிரேவர் என்ற புனைபெயரில் எழுதியவர் இவர்தான். தன் வேலையைப் பார்த்துக்கொண்டு தன் இடத்தில் இருந்தவர்களிடம் போலீஸ் புகுந்த விதத்தைத் தீர்ப்பில் கடுமையாகச் சாடினார்.

18/ பிரான்ஸ் கதையில் மறுபடி டாக்டர்கள். காஸ்தோன், ஆந்த்ரே துர்வில் என்ற மருத்துவச் சகோதரர்கள் 1931ல் மத்தியதரைக் கடலில் உள்ள லெவான் தீவில் 'எலியோபொலிஸ்' என்ற கிராமத்தை உருவாக்கினார்கள். சூரிய நகரம் என்று பொருள். 1950ல் ஆல்பெர், கிறிஸ்தியான் லெகோக் தம்பதி அட்லாண்டிக் கரையில் மோந்தாலிவே மையத்தைத் தொடங்கினார்கள். பைன் காட்டுக்குள் குடில், கடை, குழந்தைகளுக்கு விளையாட்டு என்று முழு விடுமுறை ஊர். சர்வதேசக் கூட்டமைப்பும் 1953ல் அங்கேயே பிறந்தது.

19/ அடுத்து பணம் மோப்பம் பிடித்தது. 1961ல் யூகோஸ்லாவியா, இன்றைய குரோஷியாவின் வர்ஸார் ஊரில் 'கோவர்ஸாடா' ரிசார்ட் திறந்தது. கம்யூனிஸ்ட் நாடுதான். ஆனால் மேற்கு ஜெர்மன் மார்க் வருமானம் இனித்தது. பிரான்சின் காப் தாக்தில் ஓல்ட்ரா குடும்பத்தின் முகாம், 1970களில் அடுக்குமாடியும் படகுத்துறையும் கொண்ட ஊராகவே வளர்ந்தது. சிகிச்சையாக ஆரம்பித்து, இயக்கமாக மாறி, கடைசியில் தொழிலாக நின்றது. இன்றைய ரிசார்ட் இந்த மூன்றாவது கட்டத்தின் பிள்ளை.

20/ சரி, வரலாறு போதும், எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால்: தனியாகப் போகிறவர், செலவு செய்ய விரும்பாதவர், பிடிக்கலைன்னா அடுத்த நிமிஷமே எழுந்து போகணும்னு நினைப்பவர், இவங்களுக்கு அதிகாரப்பூர்வப் பலகை வைத்த பொதுக் கடற்கரை. பலகை இல்லாத இடத்தில் "எல்லாரும் பண்றாங்க" என்று நம்பாதீங்க. வேடிக்கை பார்க்க வருபவனைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. இப்போ எல்லார் கையிலும் கேமரா போன் வேற. சுத்தி இருக்கும் ஜனங்களின் நாகரிகம்தான் உங்க பாதுகாப்பு.

21/ குழந்தைகளோடு போகும் குடும்பம், முதல் முறை போகும் பெண்கள், கூச்சம் அதிகம் உள்ளவர், இவங்களுக்குச் சுவர் உதவும். உள்ளே வருபவரின் அடையாளம் பதிவாகும். போட்டோ எடுத்தால் வெளியேற்றுவார்கள். ஆனால் முன்பதிவுக்கு முன்னால் விதிகளை முழுசாப் படிங்க. குடும்ப விடுமுறைக்கான இடம் வேறு, பாலியல் கேளிக்கைக்கான இடம் வேறு. விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். காப் தாக்திலேயே இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே பல வருஷமா உரசல் உண்டு.

22/ டாக்டராக 3 விஷயம். ஒன்று, 1903ல் வெயில் மருந்து. இன்று காசநோய்க்கு மாத்திரை இருக்கு, ரிக்கெட்ஸுக்கு வைட்டமின் டி சொட்டு மருந்து இருக்கு. அதிக வெயில் தோல் புற்றுநோய்க்குக் காரணம் என்பது உறுதியாகிவிட்டது. நம்ம மாநிறம் ஓரளவு காக்கும், முழுசாக் காக்காது. நடுப்பகல் வெயிலைத் தவிருங்க, சன்ஸ்கிரீன் போடுங்க, முக்கியமா வெயிலே பார்த்திராத இடங்களுக்கு. இரண்டு, எங்கே உட்கார்ந்தாலும் சொந்தத் துண்டு விரிச்சு உட்காருங்க. இரண்டு வகை இடத்திலும் மாறாத விதி இது. மூன்று, மனசு வரலைன்னா போகாதீங்க. யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

23/ இதைப் படிச்சுட்டு ஊர்ல முயற்சி பண்ணிடாதீங்க. இந்தியாவில் பொது இடத்தில் மற்றவர்களுக்குத் தொந்தரவாகும் ஆபாசச் செயல் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 294, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 296. அப்போ இந்த வரலாறு நமக்கு எதுக்கு? நமக்கும் அந்நியர் முன்னால் ஆடை களையும் இடம் ஒன்று இருக்கு. எல்லோரும் ஒரு நாள் போய்த்தான் ஆகணும். ஆஸ்பத்திரி.

24/ அங்கேயும் இதே சுவர், மணல் கணக்குதான். காசு கொடுக்கும் இடத்தில் தனி அறை, கதவு, கவுன். கூட்டம் பிதுங்கும் பொது வார்டில் பல நேரம் திரை கூட இருக்காது. பக்கத்துக் கட்டில்காரர் பார்க்க, மாணவர்கள் 10 பேர் சுற்றி நிற்க, ஒரு அம்மா சேலையை விலக்க வேண்டியிருக்கும். மார்பில் கட்டி இருப்பது தெரிந்தும் மாதக்கணக்கில் வெளியே சொல்லாமல் இருந்துவிட்டு, புண்ணான பிறகு வரும் பெண்களை எங்க தொழிலில் எல்லோரும் பார்க்கிறோம். மூலத்தை மறைப்பவர்கள், விரைவீக்கத்தை வேட்டிக்குள் மறைத்தே வாழ்பவர்கள் என்று ஆண்களும் உண்டு. வறுமை, பயம் எல்லாம் காரணம்தான். "நாலு பேர் முன்னாடி காட்டணுமே" என்ற கூச்சமும் பெரிய காரணம்.

25/ தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் கண்ணியமும் அந்தரங்கமும் உரிமை என்று தெளிவாக இருக்கு. ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பதும் இருக்கு. அதனால், பொது வார்டாக இருந்தாலும் "திரை போடுங்க சிஸ்டர்", "மாணவர்கள் கொஞ்சம் வெளியே இருக்கட்டும் டாக்டர்" என்று நீங்க கேட்கலாம். கேட்கணும். இது சலுகை இல்லை. திரை இல்லைன்னு சொன்னால் ஒரு போர்வையைப் பிடிக்கச் சொல்லுங்க.

26/ 100 வருஷம் முன்னால் பெர்லின் ஆசிரியர் கேட்டது இதைத்தான். நல்ல காற்றும் வெயிலும் காசு உள்ளவனுக்கு மட்டும்தானா? கிழக்கு ஜெர்மன் ஜனங்கள் மனு எழுதி எழுதி ஒரு பதில் வாங்கினாங்க. பொது இடத்திலும் ஒரு பலகை, ஒரு விதி, சுத்தி இருப்பவரின் மரியாதை இருந்தால் உடம்புக்குப் பாதுகாப்பு உண்டு என்று காட்டினாங்க. அவங்க கேட்டது துணியில்லாமல் குளிக்க ஒரு மணல்திட்டு. நாம கேட்க வேண்டியது ஒரு கட்டிலுக்கு ஒரு திரை. அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் உங்க அம்மாவோ பாட்டியோ கூச்சத்தில் முந்தானையை இறுக்கிப் பிடித்தால், அவங்களை அதட்டாதீங்க. எழுந்து போய்த் திரையைக் கேளுங்க.